முதுகு காட்டும் ஸ்டேஷன்

“ஏனுங்கண்ணா, எங்க பள்ளிக்கூடம் அந்த ஸ்டேஷனுக்கு அப்படி என்னங்க துரோகம் பண்ணுச்சு? முதுகக் காட்டிட்டு நிக்குது!”

மலைமேல் இருக்கும் நாகலூரில் ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டு இலக்கியா மெல்வினிடம் கேட்ட கேள்வி இது. ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். வார நாட்களில் மலைக்குக் கீழே சித்தி வீட்டில் தங்கி, ரயிலில் பள்ளிக்கூடம் போகிறாள். சனிக்கிழமை மேலே வரும்போது, மெல்வினின் அம்மா அற்புதத்துக்கு மாத்திரை வாங்கி வருவாள். யாரும் அவளை வாங்கி வரச் சொன்னதில்லை. ஒருமுறை ஊர்க் கடையில் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டாள். அன்றிலிருந்து வாங்கி வருகிறாள்.

மெல்வினுக்குக் குடித்த காபி புரையேறியது. சேலத்தில் கட்டட வரைபட ஆபீசில் அவனுக்கு வேலை. அந்த ஸ்டேஷனைப் புதுப்பிக்க இரண்டு வருஷம் முன்பு படம் வரைந்தவன் அவன்தான். வாசல் கடைவீதிப் பக்கம்; பள்ளிக்கூடப் பக்கம் நெடுஞ்சுவர்.

“சுத்திப் போனா என்ன கண்ணு? எதிர் மேட்டு எஸ்டேட்டுக்கே அரை மணி நேரம் வளைஞ்சுதானே போறோம்?”

“இங்க நடுவுல பள்ளம் இருக்குதுங்க. அங்க என்ன இருக்குது? வரைஞ்சவரு நொம்பப் பெரிய ஆளுங்கண்ணா. பள்ளமே இல்லாத ஊருக்குப் பள்ளம் வெட்டிக் குடுத்திருக்காரு!”

அற்புதம் சிரித்தாள். மெல்வினும் சிரித்துவைத்தான். மலையில் வழியை வளைத்த கடவுளிடம் அதற்கொரு காரணம் இருந்தது. சமவெளியில் வழியை வளைத்த மெல்வினிடம் மலைக்காரனின் பழக்கம் மட்டுமே இருந்தது.

“சுவரு இல்லீன்னா நாப்பது எட்டு வெச்சாப் போதுங்க. சுத்துனா கால் மணி நேரம். ரயில் வந்து பத்து நிமிஷத்துல மணி அடிச்சர்றாங்க. இன்னொருக்கா லேட்டுன்னு போன் வந்தா, கீழ படிச்சது போதும்னு அப்பா கூட்டியாந்துருவாராம்.” இலக்கியா சிரிக்காமல் சொன்னது இது ஒன்றுதான். “அதுவரைக்கும் ஓட வேண்டியதுதான். என் காலும் ரயிலாட்டந்தான்!”

அந்தச் சுவரை உயர்த்தும் படம் அப்போது மெல்வினின் வீட்டு மேசையில்தான் இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்துக்கு நேராக ஒரு வாசல் வரைந்தான். ஓடி வரும் பிள்ளைகள் தடுக்கி விழாமல் படிக்குப் பதில் சரிவு வைத்தான்.

திங்கட்கிழமை மேலதிகாரி ஜாபெஸ் படத்தைப் புரட்டிப் பார்த்தார். “இந்த வாசலை யாருப்பா கேட்டாங்க?”

“நடந்து பாத்தவங்க கேட்டாங்க, சார்.”

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதம் கழித்து வாசல் திறந்தது. அதுவரை அப்பாவுக்குப் போன் வராமல் இலக்கியா ஓடியே சமாளித்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை மாத்திரையோடு வந்தவள் வாசலிலிருந்தே கத்தினாள். “அண்ணா, சுவத்துல வாசல் வெச்சுட்டாங்க! முப்பத்தெட்டே எட்டுல பள்ளிக்கூடம்! பழைய ஆளைத் தொரத்திட்டு யாரோ புத்தியுள்ளவரக் கொண்டாந்திருப்பாங்க போலிருக்குதுங்க!”

“இருக்கும் கண்ணு, இருக்கும்” என்றான் மெல்வின்.

அவள் போன பிறகு அற்புதம் மாத்திரையை விழுங்கிவிட்டு மகனைப் பார்த்தாள். “தனியா எதுக்குடா சிரிக்கற?”

“சும்மாம்மா” என்றான் அவன்.