டிம்ப்னாவின் ஐந்து கிலோமீட்டர்

நால்வரும் டப்ளின் நகரப் பேருந்து ஓட்டுநர்கள். வருடம் முழுக்க ஊரையே ஏற்றி இறக்கிவிட்டு, விடுமுறையிலும் வண்டி ஓட்டவே கிளம்பினார்கள் என்றால் அவர்களைத் திருத்த முடியாது. மேற்குக் கடற்கரை நெடுக, தெற்கே கேரியில் தொடங்கி வடக்கே டோனிகால் வரை எட்டு நாள் பயணம். கார் டப்ளின்காரன் கொலமுடையது. சட்டம் மட்டும் டைக் போட்டது. யாருடைய மாவட்டமோ அவர் கையில் ஸ்டீயரிங். எல்லை தாண்டும்வரை அந்த மாவட்டத்தைப் பற்றி மற்றவர்கள் ஒரு சொல் குறை சொல்லக் கூடாது.

டைக் கேரிக்காரன். தன் சட்டத்தை இரண்டரை நாள் முழுசாக அனுபவித்தான். ஒவ்வொரு மலைக்கும் வண்டியை நிறுத்தி, ஏதோ தானே கட்டி வைத்ததுபோலக் காட்டினான். பச்சையும் பொன்னிறமுமான கேரி கால்பந்து அணிச் சட்டையைக் கழற்றவே இல்லை. மூன்றாம் நாள் மழையிலும் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டியதாயிற்று.

டிம்ப்னா கில்ஹீனி லீட்ரிம்காரி. அயர்லாந்திலேயே ஆள் குறைந்த மாவட்டம் அது. கடலைத் தொடும் இடம் ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. டைக்கின் சட்டப்படி அவளுக்கு வரும் பங்கு ஒரு கோப்பை தேநீர் ஆறும் நேரம்தான். அந்த நேரத்துக்காகத்தான் அவள் டைக்கின் வாயை இத்தனை நாள் பொறுத்துக்கொண்டு வந்தாள்.

"உங்க கடற்கரையில ஒருத்தன் காலை நீட்டிப் படுத்தா, தலை பக்கத்து ஸ்லைகோ மாவட்டத்துல இருக்கும், கால் டோனிகால்ல இருக்கும்," என்றான் டைக். "சட்டை நெறம்கூட எங்ககிட்ட எரவல் வாங்கினதுதான? பச்சையும் பொன்னும்?"

"எங்களப் பாத்து நீங்க போட்டுக்கிட்டது," என்றாள் டிம்ப்னா. "எல்லை வரட்டும். அப்பறம் பேசு பாக்கலாம்."

ஏழாம் நாள் ஸ்லைகோவில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வயிறு முட்டத் தின்றார்கள். வெளியே மழை. பின் இருக்கையில் சாய்ந்த டிம்ப்னாவுக்குக் கண் சொருகியது. கொலம் ஓட்ட, பக்கத்தில் டைக் ஏதோ ஒரு பழைய இறுதியாட்டத்தை நிமிடம் நிமிடமாக விவரித்துக்கொண்டு வந்தான். மழைக்குள் ஒரு பெயர்ப் பலகை வந்து போனது. யாரும் பார்க்கவில்லை.

"ஏய், எறங்குங்கடா! டோனிகால் வந்தாச்சு. சாவியக் குடு கொலம்!" ரோஷீன் போட்ட கூச்சலில்தான் டிம்ப்னா விழித்தாள். நான்காவது ஆளான ரோஷீன் டோனிகால்காரி. அவளுக்கு அவள் அவசரம்.

டிம்ப்னா வெளியே பார்த்தாள். டோனிகாலின் முதல் ஊரான பண்டோரனின் ராட்டினம் தெரிந்தது.

"லீட்ரிம் எங்க?"



"பின்னாடி," என்றான் கொலம், ரொம்பச் சின்னக் குரலில்.

"நீ கண்ண மூடின நேரத்துல போயிடுச்சு தாயே. அது அவ்வளவுதான்," என்று டைக் சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

டிம்ப்னா கோட்டுகூடப் போடாமல் மழையில் இறங்கி நின்றாள். "பதினெட்டு வருஷமா பஸ் ஓட்டறேன். தூங்கற ஆள அவங்க ஸ்டாப்புல எழுப்பாம ஒரு நாள் போனதில்ல. நீங்க மூணு பேரும் ஓட்டுநருங்க! என்னைய என் ஊரத் தாண்டிக் கூட்டிட்டு வந்துட்டீங்க."

ஒரு பேருந்து ஓட்டுநரை இதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. கொலமின் முகம் செத்துப்போயிற்று. இறங்கி வந்து சாவியை அவள் கையில் வைத்தான். "தப்பு என்னுது. நீ ஓட்டு."

"டோனிகால் எங்கயும் ஓடிப் போயிடாது," என்றாள் ரோஷீன். "திருப்புடி."

லீட்ரிம் எல்லையான ட்ரோஸ் ஆற்றுப் பாலம் வந்ததும் டிம்ப்னா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். "இனிமே ஒருத்தரும் வாயத் தெறக்கக் கூடாது." பெரிய சாலையை விட்டு, கடலுக்கு இறங்கும் குறுகிய வழியில் வண்டியை ஆமை வேகத்தில் விட்டாள். எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டீயரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கினாள். அந்த ஊர் வணக்கம் அது. அங்கிருந்தும் ஒரு விரல் எழுந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை.

நான்காவதாக வந்தது ஒரு டிராக்டர். பக்கத்தில் வந்ததும் அது நின்றது. ஜன்னலுக்கு ஜன்னல் நின்று பேசுவது அந்த ஊர் வழக்கம். மேலே இருந்த ஆள் நம்பர் பலகையைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார்.

"வண்டி டப்ளின் வண்டி. வெரலு நம்மூரு வெரலால்ல இருக்கு! யாரு நீ?"

"ட்ரம்ஷான்போ பக்கம். டிம்ப்னா கில்ஹீனி."

"கில்ஹீனியா? நம்ம அணிக்குக் கோல்கீப்பரா நின்னியே, அந்தக் கில்ஹீனியா?"

 இந்தக் கதையைத்தான் டிம்ப்னா நண்பர்களிடம் பதினெட்டு வருடமாக மறைத்து வைத்திருந்தாள்.

"கேரிக்காரிங்க உனக்கு ஆறு கோல் போட்டாளுங்க. மழையில நின்னு பாத்தேன்."

பக்கத்து இருக்கையில் டைக் இருமினான். எல்லாம் போயிற்று, இனி ஓய்வுபெறும்வரை இவன் வாய் மூடாது என்று நினைத்தாள் அவள்.

"அந்த ஆறு கோல விடு. ஏழாவது! பெனால்டி! பாய்ஞ்சு மொகத்துலயே வாங்கினியே, மூக்குல ரத்தம் கொட்டக் கொட்ட! தோத்துட்டு நாங்க கத்துன கத்துல ஜெயிச்சவளுங்களே திரும்பிப் பாத்தாளுங்க. எம் பொண்ணு அன்னிக்குத்தான் கையுறை கேட்டு அழுதா. இப்ப மாவட்டத்துக்கு அவதான் கோல்கீப்பர், தெரியுமா?"

டிராக்டருக்குப் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. ஹார்ன் அடிக்காமல் காத்திருந்தது.   பெருமையாக இருந்தது டிம்ப்னாவுக்கு, தாங்கமுடியாத அளவு பெருமை.

அவர் குனிந்து காருக்குள் பார்த்தார். "அட, ஐயா நம்ம சட்டையில்ல போட்டிருக்காரு! பச்சையும் பொன்னும்! எந்தப் பக்கம் நீங்க?"

 கேரியில் பிறந்தவனைப் பார்த்து யாரும் கேட்கக் கூடாத கேள்வி. சட்டம் குறை சொல்வதைத்தான் தடுத்தது, உண்மையைச் சொல்வதை அல்ல. டிம்ப்னா அவன் பக்கம் திரும்பாமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டைக் சீட் பெல்ட்டை இழுத்து, மார்பில் இருந்த கேரி முத்திரையை மறைத்தான்.

"டிம்ப்னா பக்கங்க," என்றான்.

டிராக்டர் நகர்ந்தது. பின்னால் காத்திருந்த கார் மெல்ல வந்தது. டிம்ப்னா விரலைத் தூக்கினாள். டைக்கும் தூக்கினான்.