ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு முகம்

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எங்கள் கார் முன்பக்கம் புகை விட்டது. புகை இல்லை, ஆவி என்று என் வீட்டுக்காரர் கொளஞ்சியப்பன் திருத்தினார். அடுத்தவரைத் திருத்துவதில் மட்டும் மனிதர் கெட்டிக்காரர்.

அவருடைய அப்பா வாங்கிய அந்தக் கிழட்டுக் காரைப் பற்றி மணலூர்பேட்டையில் அவரிடம் பாடம் கேட்காதவர் இல்லை. எஞ்சினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறதாம். சூட்டை வாங்கிக்கொண்டு மேல் குழாய் வழியாக ரேடியேட்டருக்கு வருகிறதாம். அங்கே சன்னக் குழாய்களில் இறங்கும்போது, முன்பக்கக் கம்பித் தடுப்பு வழியே நுழைகிற காற்று அதை ஆற்றுகிறதாம். அந்தக் காற்றை இழுக்க உள்ளே ஒரு ஃபேன். ஆறிய தண்ணீரைப் பம்பு திரும்பவும் எஞ்சினுக்குத் தள்ளிவிடுமாம். சோறு போடும்போது கேட்டிருக்கிறேன், துணி துவைக்கும்போதும் கேட்டிருக்கிறேன். இத்தனையும் தெரிந்த அந்த மகா புத்திசாலி, காற்று நுழைகிற அதே இடத்தை மூடி ஒரு ஃப்ளெக்ஸ் பேனரை இழுத்துக் கட்டியிருந்தார். அதில் அவர் முகம். கீழே, 'தாய்வீட்டுச் சீருடன் வரும் மணலூர்பேட்டை சிங்கமே, வருக!' தனக்குத் தானே வரவேற்பு அச்சடித்துக்கொண்ட சிங்கம். தூ!

எங்கள் மகள் கண்ணகி மலைமேல் இருக்கிற கரியாலூர்ப் பையனைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து இவர் அவள் வாசலை மிதிக்கவில்லை, என்னையும் விடவில்லை. பேத்தியை நான் இன்னும் மடியில் வைத்துப் பார்த்ததில்லை. இன்று அவளுக்குக் காதுகுத்து. "அப்பாவ எப்டியாவது கூட்டிக்கினு வாம்மா" என்று கண்ணகி போனில் அழுதாள். நான் பட்டினி கிடந்துதான் இவரைக் கிளப்பினேன்.

"பேனர அவுத்துட்டு, கொஞ்சம் ஆறவுட்டு ஓட்டுங்க" என்றேன்.

"உனக்கு இன்னாடி தெரியும்? தண்ணி கம்மியா இருக்கும்."

"காத்து எப்டிங்க உள்ள போவும்? உங்க மூஞ்சிதான் வழிய மறைச்சிக்கினு நிக்குதே."

அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் கறுத்ததைப் பார்த்தேன். ஆனாலும் கை கயிற்றுப் பக்கம் போகவில்லை.

"அவுத்துட்டா நான் யாருன்னு அந்த மலைக்காரனுங்களுக்கு எப்டித் தெரியும்? சகுனமே சரியில்ல. திரும்பிடலாம் வா. எறக்கத்துல சூடு ஏறாது."

"திரும்பறதுக்குத்தான் இதக் கட்டுனியாய்யா?"

கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் நீ என்று சொன்னதில்லை. அவர் ரோட்டைப் பார்த்தார்.

கீழேயிருந்து கரியாலூர் பஸ் முக்கிக்கொண்டு ஏறி வந்தது. கையைக் காட்டினேன். குழந்தையின் கம்மலை முந்தானையில் முடிந்துகொண்டு, சீர்த்தட்டுகளை இரண்டு கையிலும் அடுக்கிக்கொண்டு ஏறினேன்.

"ராஜாம்பா! காரு ஆறிடும்டி, இரு!"

நான் இறங்கவில்லை. பஸ் நகர்ந்ததும் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தோள் துண்டை உருவி, காருக்கு முன்னால் நின்று அவர் விசிறிக்கொண்டிருந்தார். அந்தக் காற்றில் பேனரில் இருந்த சிங்கத்தின் கன்னம் உப்பி உப்பி அடங்கியது. அதற்குப் பின்னாலிருந்து ஆவி வந்துகொண்டேயிருந்தது.