வல்லியின் இரண்டு கைகள்

பஞ்சாலைக் காலனியில் கணவனின் ரத்த அழுத்தத்தை மனைவியின் இடது கையில்தான் பார்ப்பார்கள். வலது கை மாமனாருக்கு. ஆண்களுக்கு வேலை இருக்கிறது, கிளினிக்கில் வந்து காத்துக் கிடக்க முடியாது, அவ்வளவுதான்.

சௌந்தரவல்லியும் கல்யாணமானதிலிருந்து மாதாமாதம் இரண்டு கைகளையும் கொண்டுபோய் நீட்டிவிட்டு வருவாள். பாதம் தரையில் படிய வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பட்டை சுற்றியிருக்கும்போது வாயைத் திறக்கக் கூடாது. எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"அவுகளுக்கு நூத்தறுபது இருக்குக்கா," என்பாள் நர்ஸ் எஸ்தர். "உப்பைக் குறைங்க. நீங்க கோவப்படாதீங்க, அவுகளுக்கு ஏறிரும்."

உப்பைக் குறைத்தது யார்? வல்லிதான். கை அவளுடையது என்பதால் மாத்திரையும் அவளுக்குத்தான். கணவர் பரமகுரு எதிரே உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு மாவடு கேட்பார். அவர் நன்றாக இருப்பதற்காக இவள் சப்பென்ற ரசத்தைக் குடிக்க வேண்டும். என்ன அநியாயம் இது! அதைக் கேட்கவும் முடியாது. கேட்டால் கோபம் வரும், கோபம் வந்தால் அவருக்கு ஏறிவிடும். ஆகவே கோபத்தையும் ரசத்தோடு சேர்த்து விழுங்கினாள்.

ஆவணியில் அவளுக்குப் பிடரி வலிக்க ஆரம்பித்தது. மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது தலை சுற்றியது. கொடிக்கயிற்றைப் பிடித்திருக்காவிட்டால் கீழே தெருவில்தான் கிடந்திருப்பாள்.

"எனக்கு எவ்வளவு இருக்குனு பாரும்மா," என்றாள் எஸ்தரிடம்.

"எந்தக் கையிலக்கா பாக்க?"

சரியான கேள்விதான். வல்லி தன் கைகளைப் பார்த்தாள். இரண்டிலும் ஆள் இருந்தது. வேறு யாராவது கையை நீட்டினால் அதில் பார்த்துவிடலாம் என்றாள் எஸ்தர்.

வீட்டில் கேட்டாள். பரமகுரு தன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல வாட்ச் கட்டியிருக்கேன்ல?" என்றார். மகன் கையில் போன் இருந்தது, அவன் நிமிரவே இல்லை. வல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் மயங்கி விழுந்தால்தான் இந்த வீட்டில் ஒரு கை நீளுமா?

மறுநாள் பக்கத்து வீட்டு ஜெயமேரியைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள். ஜெயமேரிக்கும் பிடரி வலிதான். பெஞ்சில் இருவரும் அருகருகே உட்கார்ந்து, தங்கள் இடது கைகளிலிருந்து புருஷன்மாரை இறக்கினார்கள். எஸ்தர் வல்லியின் கையில் ஜெயமேரிக்கும், ஜெயமேரியின் கையில் வல்லிக்கும் பட்டையைச் சுற்றினாள்.

"அப்ப அவுக ரெண்டு பேரோடதும் எங்கக்கா போகும்?" என்றாள் எஸ்தர்.

"வீடு தெரியும்ல? போகட்டும்," என்றாள் வல்லி. பட்டை சுற்றியிருக்கும்போது அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. பேசியதால் எஸ்தர் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று.

ஜெயமேரியின் கையில் வல்லிக்கு நூற்றெண்பதுக்கு நூற்றுப்பத்து இருந்தது.

"இவ்வளவையும் வச்சுக்கிட்டா மாடி ஏறி இறங்குனீங்க?" என்று டாக்டர் சத்தம் போட்டார். வல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்காக ஒருவர் சத்தம் போட்டு அவள் கேட்டதே இல்லை. தன் பெயருக்கு எழுதிய மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சாயங்காலம் பரமகுரு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. வல்லி போய்த் திறந்தாள். வாசலில் அவருடைய ரத்த அழுத்தம் நின்றுகொண்டிருந்தது. நல்ல வாட்டசாட்டம். வெயிலில் அலைந்ததில் முகமெல்லாம் சிவந்திருந்தது.

"உள்ளதான் இருக்காரு, போங்க," என்றாள் வல்லி.

அது செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போய், பரமகுருவுக்கு எதிரே உட்கார்ந்து, மாவடு ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

"ஏ வல்லி, இன்னொரு தட்டு கொண்டா," என்றார் பரமகுரு.

"உங்க விருந்தாளிதான, நீங்களே எடுத்து வைங்க," என்று வல்லி தன் மாத்திரையைப் பிரித்தாள்.

அவர் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு, தட்டெடுக்க எழுந்தார்.