ஒன்பதாவது பத்தி

கூரையிலிருந்து விழுந்த முதல் சொட்டு, தையற்காரம்மா அப்போதுதான் வெட்டி வைத்திருந்த கல்யாண உடுப்பின் கையிலேயே விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். மாடிக் குளியலறைக்கு நேர் கீழே ஈரம் படர்ந்திருந்தது. குழாய்க்காரரை வரவழைத்து, அவரையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினார்.

மாடியில் குடியிருந்தவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். கதவைச் சாண் அகலம் திறந்தார்.

"உள்ள வரணும்னா ஒரு நாள் முன்னாடி எழுத்துல சொல்லணும்க்கா. வாடகை ஒப்பந்தத்துல ஒன்பதாவது பத்தி."

"தண்ணி என்ன, எழுதிக் கொடுத்துட்டா சொட்டுது?"

"பத்தி நீங்க போட்டதுதானே?"

கதவு மூடியது. குழாய்க்காரர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தையற்காரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தார். காகிதம் கதவிடுக்கு வழியே திரும்பி வந்தது. தேதி இல்லையாம். போதாக்குறைக்கு, 'முன்னறிவிப்பு கடிதம்' என்றதில் விட்டுப்போன 'க்' சிவப்பு மையில் ஏறியிருந்தது.

தலையில் அடித்துக்கொண்டு, வக்கீல் குமாஸ்தாவாக இருந்த தம்பிக்குப் போன் போட்டார்.

"அடுத்த வரியப் படிச்சியாக்கா? தண்ணி, தீன்னு அவசரம்னா சொல்லாமலே நுழையலாம்."

படிக்கவில்லை. யாரிடமோ வாங்கி நகலெடுத்த ஒப்பந்தம் அது. தன்மேல் வந்த கோபத்தையும் சேர்த்துக் கதவில் இடித்தார்.

"அந்த அடுத்த வரி உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும். அவசரம்னு நீங்க சொல்லவே இல்லையே!"

கதவு திறந்தது. உள்ளே போன தையற்காரம்மா திகைத்தார். குளியலறை முழுக்க வாளியும் பாத்திரமும்.

"எத்தன நாளா இப்படி?"

"ரெண்டு வாரம். ரெண்டு கடிதம் உங்க வாசல் பெட்டில போட்டேன்."

அந்தப் பெட்டியின் சாவி தொலைந்து மாதக்கணக்காகிறது.

"தினம் என்னைத் தாண்டித்தானே போறீங்க? வாயில்லையா உங்களுக்கு?"

"போன வருஷம் தாழ்ப்பாள் உடைஞ்சப்போ வாயாலதான் சொன்னேன். 'எதுவா இருந்தாலும் எழுதிக் கொடுங்க'ன்னு விரட்டினீங்க."

விரட்டியது உண்மை. அதுதான் எரிச்சலிலும் எரிச்சல்.

கால் மணி நேரத்தில் குழாய்க்காரர் குழாயின் ரப்பர் வளையத்தை மாற்றிவிட்டு எழுந்தார். சொட்டு நின்றது. கறைபட்ட உடுப்புக் கையை வேறு துணியில் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது.

கத்தரியும் கையுமாக நின்றபோது தம்பியின் போன் வந்தது.

"அக்கா, புதுசா ஒரு நல்ல ஒப்பந்தம் எழுதித் தரட்டா? இருபது பத்தி வரும்."

போனை வைத்துவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு வாசல் பெட்டியின் பூட்டை உடைக்கப் போனார்.