இரண்டாவது ஆள்

மனிதன் தனியாகப் பிறக்கிறான், தனியாகவே போய்ச் சேர்கிறான், நடுவில் கூடாரம் அடிப்பதற்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும் என்று பையின் மேல் ஒட்டியிருந்த தாள் சொன்னது. படம் வேறு போட்டிருந்தார்கள், கழுத்தில்லாத இரண்டு குச்சி மனிதர்கள், ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு முகத்திலும் சிரிப்பு... கூடாரம் அடிக்கும்போது சிரித்த கணவன் மனைவியை அவர் இன்னும் பார்த்ததில்லை. தாளைக் கிழித்துக் காரின் பின்சீட்டில் எறிந்தார். அலுவலகத்தில் திட்டமிடல் பிரிவின் தலைவர், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை வருஷா வருஷம் உட்கார வைத்து 'எல்லாப் பிழையும் வரிசைப் பிழையே' என்று ஒரு மணி நேரம் பேசுகிறவர், அவருக்குக் குச்சி மனிதன் பாடம் எடுப்பதா? எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது, அது தெரிந்தவனுக்கு இரண்டாவது ஆள் எதற்கு? ஏரி எதிரே தேமேயென்று கிடந்தது, ஊசியிலை மரங்கள், நடுவில் புல்தரை, வானத்தின் மூலையில் மட்டும் ஒரு கறுப்பு... வரட்டும், வரட்டும், அதற்காகத்தானே வந்திருக்கிறோம். காலையில் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார், நீங்க எல்லாரும் சாயங்காலம் வந்தா போதும், வரும்போது வீடு தயாரா இருக்கும். மனைவி தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டே கேட்டாள், "தனியாவா?" ஒரே சொல்தான், ஆனால் அதைச் சொல்லும்போது குழாயை மூடிவிட்டுச் சொன்னாள்.

போன வருஷத்தை நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தரையைப் பெருக்கினார், கூழாங்கல், முறிந்த சுள்ளி, ஒரு பாட்டில் மூடி. போன வருஷம் இதே ஏரி, இதே கூடாரம், படுத்துக் கொஞ்ச நேரத்தில் மழை, உச்சித் தையலிலிருந்து சொட்டு, அதுவும் குறி பார்த்ததுபோல் அவள் நெற்றிப் பொட்டின் மேல். அவள் திட்டியிருக்கலாம், திட்டியிருந்தால் அதோடு போயிருக்கும், ஒன்றும் சொல்லாமல் எழுந்தாள், தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள், இவருடைய செருப்பை மாட்டிக்கொண்டாள், நடந்து அவள் அக்காவின் கூடாரத்துக்குப் போய்விட்டாள். அந்தக் கூடாரம் சகலையுடையது, சகலை எதை வாங்கினாலும் இருப்பதிலேயே பெரியதைத்தான் வாங்குவார், பிறகு விலையைச் சொல்லாமல் சொல்வார். காலையில் பல்துலக்கிக்கொண்டே வந்தார் மனுஷன், வாயில் நுரை, கண்ணில் கருணை... "என்ன சகலை, குளிச்சாச்சா?" அதிலிருந்து எந்த விருந்துக்குப் போனாலும், யார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தாலும், இவர் உள்ளே நுழைந்தவுடன், என்ன சகலை குளிச்சாச்சா. சகலை சிரிப்பது இருக்கட்டும், வேலையற்றவர் சிரிப்பார். முதல் தடவை கேட்டபோது மனைவியும் சிரித்தாள். உதட்டைக் கடித்து, தலையைத் திருப்பிக்கொண்டு, தோள் மட்டும் குலுங்க. அந்தத் தோள்தான்... இந்த வருஷம் மூட்டை கட்டும்போதும் சொன்னாள், மழை வந்தா நான் அக்காகூடப் படுத்துக்கறேன், சும்மா சொல்றேன், கோச்சுக்காதீங்க. கோபமா, எனக்கா? கோபமெல்லாம் இல்லை. ஒரே ஒரு ராத்திரி, அந்தத் தலையணை இந்தக் கூடாரத்துக்குள்ளேயே கிடந்தால் போதும், வேறு என்ன கேட்கிறேன் நான்.

தார்ப்பாயை விரித்து ஓரங்களை உள்பக்கமாக மடித்தார், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரை அதுவே வரவேற்று உள்ளே கூட்டிவந்து உட்கார வைக்கும், போன வருஷம் அதுவும் நடந்தது, அதைச் சகலை கவனிக்கவில்லை, நல்லவேளை. விரலை வாயில் வைத்து ஈரமாக்கித் தூக்கிப் பிடித்துக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் தலையை ஆட்டிக்கொண்டார், ஏனென்றால் பக்கத்துக் கூடாரத்து அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சிவப்பு நூலில் என்னவோ பின்னிக்கொண்டிருந்தார், அவருடைய வீட்டுக்காரரின் குறட்டை கூடாரத்துக்குள்ளிருந்து வந்தது. "பிடிக்கணுமாங்க? சும்மாதான் உக்காந்திருக்கேன்." வேண்டாங்க, எனக்கு இதெல்லாம் பழக்கந்தான் என்றார். பழக்கம்! வாய்க்கு வெட்கம் இருந்தால்தானே. கம்பை எடுத்துத் துணிக்குழாய்க்குள் நுழைத்து, இந்த முனையை வளையத்தில் மாட்டிவிட்டுச் சுற்றி ஓடி அந்த முனையை மாட்டப்போனால் இந்த முனை டொப்பென்று கழன்றது, திரும்ப ஓடி வந்து இதை மாட்டினால் அது கழன்றது, ஒரு கோப்பில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போவதற்குள் முதல் அறைக்காரர் மனம் மாறிவிடுவதைப்போல... மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கியது. நின்று, இயற்கையை ரசிப்பவர்போல ஏரியைப் பார்த்தார். அம்மாள் ஊசியை நிறுத்தவில்லை. "நடைப்பயிற்சியும் ஆச்சு" என்றார், கிண்டலா அக்கறையா, சில முகங்களில் அது தெரிவதில்லை. ஒரு கை தட்டினால் ஓசை வராது என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள், சொன்னவரிடம் கார் இருந்திருக்காது.

கார்! அதுதான் மூளை என்பது. காரைப் பின்னால் எடுத்துக் கூடாரத்தின் ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தி, கம்பின் ஒரு முனையைக் கயிற்றால் பின்பக்கத்து இழுவைக் கொக்கியோடு கட்டி, மறுமுனைக்கு வந்து நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினார், கம்பு வளைந்தது, வளைந்து... கூடாரம் தரையிலிருந்து, தூக்கம் கலைந்த யானை மாதிரி முதலில் முதுகைத் தூக்கி, அப்புறம் மெதுவாக எழுந்து நின்றது. நின்றது! யாருமே பிடிக்காமல். இரண்டாவது ஆள் என்றால் இப்படி இருக்க வேண்டும், இழுங்க இழுங்க என்று கத்தாத ஆள், நான் அப்பவே சொன்னேனே என்று சொல்லாத ஆள். அடுத்தது முளை. மற்ற மூன்று பக்கமும் மண் நல்ல மண், முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் கயிறு இழுக்க இழுக்க இறுகும், அழகாக இறங்கின. கார் நின்ற பக்கம் மட்டும் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறை, இரண்டு முளைகள் வளைந்தன, மூன்றாவது கட்டைவிரலைப் பதம் பார்த்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார்... ஏன் அவிழ்க்க வேண்டும்? கட்டினது கட்டினபடியே இருக்கட்டுமே. மேல்துணியின் கயிறுகளையும் கொண்டுபோய்க் காரின் கூரைக் கம்பியில் இறுக்கி முடிச்சுப் போட்டார், முடிச்சின் மேல் முடிச்சு. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள முளை, புயல் வந்தாலும் பிடுங்காது, சகலையின் கூடாரத்தில் இருக்கிறதா இப்படி ஒன்று? இதை அடுத்த வருஷப் பேச்சில் சேர்க்கலாம், கையிருப்பைக் கொண்டு இடரைக் கடத்தல் என்று தலைப்புக்கூட வந்துவிட்டது.

இனி ஒழுகுமா என்று பார்க்க வேண்டும். வாளியில் ஏரித்தண்ணீரை மொண்டுவந்து கூடாரத்தின் தலையில் ஊற்றினார், இன்னொரு வாளி. "செடி ஏதாச்சும் நட்டிருக்கீங்களா?" என்றார் அம்மாள். இல்லைங்க, சோதனை என்றார். "அதான் மேல வருதே, ஓசியில சோதிக்கலாமே" என்று ஊசியால் வானத்தைக் காட்டினார், கறுப்பு இப்போது ஏரியின் பாதியை விழுங்கியிருந்தது. அவர் உள்ளே நுழைந்து ஜிப்பை இழுத்துவிட்டுத் தையல் தையலாகத் தடவிக்கொண்டு போனார். இந்தத் தையல்கள் ஒவ்வொன்றுக்கும் போன வாரம் முழுக்க வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பசை பூசியிருக்கிறார், சோபாவை ஒதுக்கி, கூடாரத்தை விரித்து, காதுகுடையும் பஞ்சுக்குச்சி அளவில் ஒரு தூரிகை, வீடு முழுக்கப் பசை நாற்றம், மனைவி மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கூடாரத்தைத் தாண்டித் தாண்டிச் சமையலறைக்குப் போனாள், பூனை தாண்டவில்லை, அதன் பாதம் ஒன்று ஜன்னலோரத்துத் தையலில் இன்னும் பதிந்திருக்கிறது, இதோ, நாலு விரலும் தெரிகிறது. உச்சித் தையல்... உச்சித் தையலில் பாதி பூசிவிட்டு முதுகு பிடித்துக்கொண்டு எழுந்து போனார், முகம் கழுவிவிட்டுத் திரும்பினால் மீதிப் பாதி முடிந்திருந்தது, தூரிகை கழுவி வைத்திருந்தது, அவள் சமையலறையில் எதையோ நறுக்கிக்கொண்டிருந்தாள், இவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நீ செய்தாயா என்று கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? தனியாகச் செய்தேன் என்று சொல்லும்போது அந்தப் பாதியை எந்தக் கணக்கில் வைப்பது? அண்ணாந்து பார்த்தார், எது அவர் பாதி, எது அவள் பாதி என்று கேட்கவே வேண்டாம், அவருடையது மண்புழு ஊர்ந்தது மாதிரி, அவளுடையது நூல் பிடித்தாற்போல. அந்த இடத்துக்கு நேர் கீழேதான் போன வருஷம் அவள் தலை வைத்துப் படுத்திருந்தாள்.

முதல் துளி விழுந்தபோது அவர் அந்த இடத்தில்தான் மல்லாந்து கிடந்தார். ஒன்று, அப்புறம் நாலைந்து, அப்புறம் யாரோ மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதுபோல... கூடாரம் முழுக்கப் படபடவென்று அடித்தது, துணி நடுங்கியது, காற்று பாறைப் பக்கமிருந்து வந்து இடித்தது, கார் இருக்கிறது, காரை என்ன செய்துவிடும் காற்று. நெற்றியைக் காட்டிக்கொண்டு கிடந்தார். சொட்டு, வா பார்க்கலாம். வரவில்லை. தையலில் தண்ணீர் முத்து முத்தாகக் கூடி, தயங்கி, வெளிப்பக்கமாகவே வழிந்து போவது துணி வழியாக நிழலாகத் தெரிந்தது. மூலைகளைத் தொட்டார், காய்ந்திருந்தது. தரையைத் தொட்டார், காய்ந்திருந்தது. பதவி உயர்வு வந்த அன்றுகூட இப்படி இல்லை, அன்று பக்கத்து நாற்காலிக்காரரின் முகத்தைப் பார்ப்பதிலேயே பாதி சந்தோஷம் போய்விட்டது, இது முழுசு, யாருமில்லாத முழுசு. யாருமில்லாததும் கொஞ்சம் குறைதான்... சகலை வருவார், குனிந்து நுழைவார், அண்ணாந்து பார்ப்பார், அப்போது என்ன சொல்வது? குளிக்கணும்னா வெளியே போங்க சகலை என்று சொல்லலாம். வேண்டாம், சின்னத்தனம். வாங்க சகலை, செருப்பை வெளிய விடுங்க... அதுதான் சரி, வீட்டுக்காரன் பேசுகிற பேச்சு. இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார், இரண்டாவது தடவை குரலில் கனிவு கூடியிருந்தது.

அப்போது போன் அடித்தது, மனைவி. "என்னங்க, அத்தான் கார் நின்னுடுச்சு." பின்னால் சகலையின் குரல், பேட்டரின்னு சொல்லு, பேட்டரின்னு சொல்லு. "பேட்டரியாம். ஏரிக்குத் திரும்பற ரோட்டுல ஒரு பெட்ரோல் பங்க் இருக்குல்ல, மூடிக் கிடக்கு, அந்தக் கூரைக்குக் கீழ நிக்கறோம், சாரல்ல பாதி நனைஞ்சாச்சு. வந்து கூட்டிட்டுப் போங்க." நின்றுபோனது புதுக் கார், போன மாதம் வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஜன்னல் தானாக ஏறுவதை ஏழெட்டுத் தடவை காட்டிய கார். பாவம் என்று சொல்ல வேண்டும், சொன்னார், நன்றாகவே வந்தது. "டென்ட் என்னாச்சு?" என்றாள். நிக்குது. "மழையிலயா?" மழையிலதான். போனுக்குள் அங்கே ஒரு மழை, இங்கே ஒரு மழை. "ஒழுகலையா?" ஒரு சொட்டு இல்ல, உன் பக்கத்துலகூட... என்று ஆரம்பித்து நிறுத்தினார், உன் பாதி என்று சொல்ல வந்தது நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அவள் கேட்டாளோ என்னவோ, குரல் தாழ்ந்தது. "அப்ப சரி. அவங்க டென்ட்டு கார் மேலயே கட்டியிருந்தாங்க, உறை கிழிஞ்சு பஞ்சாட்டம் ஊறிப்போச்சு. எல்லாரும் நம்மகூடவே படுத்துக்கலாம்னு நான் சொல்லிட்டேன். அக்கா சரின்னுட்டா. அத்தான்தான் ஒண்ணும் பேசாம நிக்கறாரு." ஒன்றும் பேசாமல் நிற்கிறார். நம்மகூட. இரண்டில் எது இனித்தது என்று பிரித்துப் பார்க்க அவருக்கு அவகாசம் இல்லை. "கொஞ்சம் சீக்கிரம் வாங்க, தலையணை நனையுது." இதோ, அசையாம அங்கேயே நில்லுங்க, பத்தே நிமிஷம்.

ஜிப்பைத் திறந்தார், குடையை விரித்தார், திரும்ப ஜிப்பை மூடினார், அவசரத்திலும் மூடினார், அதுதான் திட்டமிடுகிறவனுக்கும் மற்றவனுக்கும் உள்ள வித்தியாசம். அம்மாள் தன் கூடார வாசலுக்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னிக்கொண்டேயிருந்தார். மழையைவிடச் சத்தமாகச் சொன்னார் இவர், உறவுக்காரங்க கார் வழியில நின்னுடுச்சாம், கூட்டிட்டு வரேன், நாம போகலைன்னா யார் போவாங்க. "போயிட்டு வாங்க" என்றவர், என்னவோ சொல்ல வாயெடுத்தவர், கூடாரத்தையும் காரையும் ஒரு தடவை மாறி மாறிப் பார்த்தார், பிறகு ஊசியை மட்டும் உயர்த்தி ஆட்டினார். பொறாமை, தனியாக ஒருவன் இத்தனையும் செய்தால் யாருக்கும் வரும். காருக்குள் உட்கார்ந்தார், குடையை மடித்தார், பெல்ட் போட்டார், எஞ்சின் ஒரே உறுமலில் கிளம்பியது, கிளம்பாமல் என்ன, இது பழைய கார், பெருமை பேசாத கார். சகலையைப் பின்சீட்டில் உட்கார வைக்க வேண்டும், முன்னால் அவள், முழங்கால் மேல் தலையணை. கிளம்புவதற்கு முன் கண்ணாடியைப் பார்ப்பது அவர் வழக்கம், பார்த்துச் சரிசெய்தார். கண்ணாடி நிறையக் கூடாரம் தெரிந்தது, மழையில் கழுவிவிட்டதுபோல், ஒரு சுருக்கமில்லாமல், விறைப்பாக. அதிலிருந்து புறப்பட்ட கயிறுகள் நேராக அவரை நோக்கி வந்தன, ஒவ்வொன்றிலும் துளிகள் வரிசையாக ஓடிவந்து காரின் மேல் சொட்டின. கியரின் மேல் வைத்த கை அப்படியே இருந்தது. துடைப்பான் இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் வந்தது.

கூடாரம் காரில் கட்டியிருந்தது.