கன்றுக்குட்டி என்று சொன்னாள்

தடதடவென்று பின்கட்டில் ஒரு கதவு அதிர்ந்தது.

முற்றத்து வேப்பமர நிழலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த செண்பகவல்லியின் வாயில் பாதிச் சொல் அப்படியே நின்றுபோனது. விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைகளுக்குத் தாகம் தெரியாது, அதுகள் கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நாமே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

"யாருக்கா உள்ள?" என்றாள் அரிசிக்கடைக்காரர் மனைவி பதருன்னிசா.

"அதா... கன்னுக்குட்டி. அவுத்துக்கிட்டுப் போய்ப் பால் முச்சூடும் குடிச்சிருதுன்னு உள்ள விட்டுப் பூட்டியிருக்கேன்."

"பிள்ளைகதான் உங்க சொல்லத் தட்டாது போல. கன்னுக்குட்டி இந்தப் போடு போடுதே!"

எல்லாரும் சிரித்தார்கள். செண்பகவல்லியும் சிரித்தாள். ரவிக்கைக்குள் முதுகு நனைந்துவிட்டது.

உள்ளே இருந்தது அவள் பெற்ற மகன் சண்முகராஜ்.

பத்து வயது. மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவன். உடம்பு வளர்ந்தது, அறிவு அந்த வேகத்துக்கு வளரவில்லை. நடை கோணல். பேச்சு தட்டித் தடுமாறித்தான் வரும். சாத்தூரில் அவளுடைய அண்ணன் வீட்டில் வளர்ந்து வந்தான். நான்கு வருடங்களுக்கு முன்பு அவள் புருஷன் காசிராஜனுக்குக் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் மேனேஜர் வேலை கிடைத்து, இந்த வீட்டில் பால் காய்ச்சிய அன்று, எதிர்வீட்டுக்காரி கேட்டாள்: "எத்தனை பிள்ளைக உங்களுக்கு?"

"ஒரே பொண்ணு" என்று சொல்லிவிட்டாள்.

அவ்வளவுதான். சொன்னதை மறுநாள் திருத்தியிருக்கலாம். மறுவாரம் திருத்தியிருக்கலாம். ஆனால் மகள் ராமலட்சுமி படிப்பில் முதலாவதாக வர ஆரம்பித்தாள். "பிள்ளை வளத்தா செண்பகவல்லி மாதிரி வளக்கணும்" என்று தெருவில் பேச்சு எழுந்தது. மாதர் சங்கத்தில் கோடைதோறும் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச அவளைத்தான் கூப்பிட்டார்கள். ஏறிய பீடத்திலிருந்து இறங்க யாருக்கு மனசு வரும்?

ஐம்பத்தொன்பதாம் வருடத்துக் கோடை அவளைச் சோதிக்கவென்றே வந்தது. ஊரில் மற்ற பிள்ளைகள் எல்லாம் லீவுக்கு மாமன் வீட்டுக்குப் போயின. சண்முகராஜ் மாமன் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தான். அண்ணன் பெண்டாட்டி பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள். அவனைப் பார்த்துக்கொள்ள அங்கே ஆள் இல்லை. கூண்டு வண்டியில் அழைத்து வந்து, கொல்லைக் கதவு வழியாக உள்ளே விட்டார்கள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், பையன் பின்கட்டில் பசுவுக்கான பருத்திவிதை மூட்டைகள் அடுக்கிய அறைக்குள் போய்விட வேண்டும்.

வழக்கமாகக் கூட்டம் நடக்கும் பள்ளிக்கூடத்தில் ஓடு மாற்றுகிறார்கள் என்று, இன்றைக்குக் காலையில் சங்கத்துப் பெண்கள் திடுதிப்பென்று இவள் வீட்டுக்கே பாயோடு வந்துவிட்டார்கள். மாட்டேன் என்று எதைச் சொல்லி மறுப்பது?

"நீங்க சொல்லுங்கக்கா, கன்னுக்குட்டி கிடக்கு" என்றாள் ஒருத்தி.

செண்பகவல்லி தொடர்ந்தாள். கைப்பிள்ளைக்கு வேர்க்குரு வந்தால் கண்ட மாவையும் அப்ப வேண்டாம், மெல்லிய துணியை நனைத்து ஒற்றினால் போதும். தவழுகிற பிள்ளையைக் கட்டாந்தரையில் வெயில் ஏறுமுன் விட்டு எடுத்துவிட வேண்டும். பள்ளிக்கூடப் பையன்களைக் கம்மாய்க்கும் கிணற்றுக்கும் பெரிய ஆள் துணையில்லாமல் அனுப்பக் கூடாது. லீவுதானே என்று பெண்பிள்ளைகளை நாள் முழுக்கத் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்க உட்காரவைத்தால் கண் போய்விடும். நன்றாகத்தான் பேசினாள். காது மட்டும் பின்கட்டிலேயே இருந்தது.

ஓரமாக உட்கார்ந்திருந்த சீனித்தாய் மெல்லக் கையைத் தூக்கினாள்.

"எக்கா, எம்மவனுக்கு ஒரு காலு சூம்பிக் கிடக்குல்லா? மத்த பிள்ளைக பம்பரம் விடப் போயிருதுக. இவன் வாசல்லயே உக்காந்து ஏங்குதான். வெளிய விட்டா நொண்டின்னு கேலி பண்ணுதுக. லீவு முடியுத மட்டும் வீட்டுக்குள்ளயே வச்சுக்கிடட்டா?"

"வச்சுக்கிடாத" என்றாள் செண்பகவல்லி. கேள்வி முடியுமுன்பே பதில் வந்துவிட்டது. "தூக்கிட்டுப் போயாவது அந்தப் பிள்ளைக நடுவுல உக்கார வை. கேலி நாலு நாளைக்கு. பெத்தவளே மறைச்சு வச்சா, நம்மகிட்ட ஏதோ தப்பு இருக்குன்னு அந்தப் பிஞ்சு மனசு நெனச்சிரும்."

சீனித்தாயின் கண் கலங்கியது. "நீங்க நல்லா இருக்கணும்க்கா" என்றாள்.

அந்த வார்த்தை செண்பகவல்லியைச் சுட்டது. தலை குனிந்துகொண்டாள்.

மறுபடியும் கதவு இடிபட்டது. இந்தத் தடவை விட்டு விட்டு, பலமில்லாமல்.

இரண்டாம் வரிசையிலிருந்து பெத்தம்மாள் எழுந்தாள். இரண்டு எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவள், புதூர்ப் பக்கத்துக்காரி.

"அதுக்குத் தண்ணி வச்சிருக்கியளா?"

"காலையிலயே வச்சாச்சு. நீ உக்காரு."

"முட்டுத முட்டுல அதெல்லாம் கவுந்திருக்கும். சித்திரை வெயில்ல, சன்னல் இல்லாத அறையில வாயில்லாச் சீவனை அடைச்சா நாக்கு வறண்டு செத்துப்போகுமே! பாவம் சும்மா விடாதுக்கா. சாவியக் குடுங்க."

பின்னாலேயே நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். ஒருத்தி தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டாள். இன்னொருத்தி கை நிறைய அகத்திக்கீரையை ஒடித்தாள். மானாவாரிக் காட்டை நம்பிப் பிழைக்கிற பெண்கள் அவர்கள். மாட்டுக்குத் தாகம் என்றால் கையில் இருக்கும் சோற்றைக் கீழே வைத்துவிட்டு ஓடுவார்கள். அவர்களிடம் போய்க் கன்றுக்குட்டி என்று சொன்னோமே என்று செண்பகவல்லி மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா மகன் விளையாடுகிறான் என்று சொல்லியிருந்தால்கூடச் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள்.

"சாவி இங்க இல்ல. அவிய ஆபீசுக்குக் கொண்டு போயிட்டாவ."

"சரியாப் போச்சு! ஏட்டி, வாங்கட்டி, நாலு பேரு சேந்து தள்ளினா நாதாங்கி தெறிச்சிரும்" என்று பெத்தம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்கட்டை நோக்கி நடந்தாள்.

செண்பகவல்லி ஓடிப்போய்க் கதவுக்கு முன்னால் நின்றாள். "வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன். எல்லாரும் வீட்டுக்குப் போங்க. கூட்டம் முடிஞ்சுபோச்சு."

"என்னக்கா இப்படிச் சொல்லுதீங்க? பச்சக் கன்னுக்கா!"

"நான் பெத்த..." என்று தொடங்கி, "நான் வளத்த கன்னு, எனக்குத் தெரியாதா?" என்று முடித்தாள்.

அப்போதுதான் பெத்தம்மாள் விரலை உயர்த்தினாள். "சத்தம் நின்னுபோச்சே."

உண்மைதான். சத்தம் இல்லை. உள்ளிருந்த மூட்டைகளின் புழுக்கம் கதவிடுக்கு வழியாகச் செண்பகவல்லியின் முதுகில் அடித்தது. கதவில் காதை வைத்துப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. காலையில் வைத்த தண்ணீர்ச் செம்பு கவிழ்ந்து எவ்வளவு நேரம் ஆனதோ! மயங்கி விழுந்துவிட்டானோ! போன கோடையில் வலிப்பு வந்தது என்று அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. நான்கு வருடமாகக் கட்டிக் காத்த பெயர் ஒரு பக்கம். கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத பிள்ளை.

கை தானாக இடுப்புக்குப் போனது. கொசுவத்தில் செருகியிருந்த சாவியை எடுத்தாள். ஆபீசுக்குப் போயிருப்பதாகச் சொன்ன சாவி. அதைப் பார்த்த பெத்தம்மாள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

சாவியைத் துவாரத்தில் விட்டுத் திருப்பினாள்.

சண்முகராஜ் கதவடியிலேயே உட்கார்ந்திருந்தான். உதடு வெடித்திருந்தது. தலை நிறையப் பருத்திவிதைத் தூசி. கவிழ்ந்த செம்பு மடியில் கிடந்தது. வெளிச்சம் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டான். தாயின் சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எழுந்து அவளிடம் வரவில்லை; உட்கார்ந்தபடியே மூட்டைகளின் இருட்டுக்குள் பின்னால் நகர்ந்தான். செண்பகவல்லிக்குப் பின்னால் யாரோ அகத்திக்கீரையைக் கீழே போட்டார்கள்.

"சத்தம் போட்டுட்டேம்மா..." என்றான் அவன் திக்கித் திக்கி. "நா... நான் இல்லன்னு சொல்லிட்டியாம்மா?"