மாமா குரலைத் தின்ற ஹெட்செட்

“இல்ல அத்தை, ஸ்பீக்கர்ல ஒரு கோளாறும் இல்ல.”

“அப்ப ஏன்டா உங்க மாமா பேசமாட்டேங்கிறாரு?”

கம்ப்யூட்டரில் மாமா பதிந்த ஃபைல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாற்காலி கிரீச்சிட்டது. தெருவில் ஒரு ஹார்ன். பாப்பா ஸ்பூனைக் கீழே போட்டதுகூடப் பளிச்சென்று கேட்டது. மாமா குரல் மட்டும் இல்லை.

மாமா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். “கிளட்ச்ச மிதிடா, என் உயிரை மிதிக்காத!” என்று அவர் கத்தினால் அடுத்த தெருவில் போகிற வண்டியும் நின்றுவிடும். தொண்டையில் கட்டி வந்தபிறகு அந்தக் குரல் வெறும் காற்றாகிவிட்டது. குரல்வளையையே எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னதும், மகள் பாப்பாவுக்காகக் கதைகள் பதிந்துவைக்க என்னைக் கூப்பிட்டார். புது ஹெட்செட்டோடு ஓடினேன். அவர் பேசப் பேசத் திரையில் பச்சைக் கோடு துள்ளியது. ஒருதரம் போட்டுக் கேட்கலாமே என்றேன்.

“வேணாம் மாப்ளே. இந்தக் குரலைக் கேட்டா எனக்கே பயமா இருக்கு. நான் ஆஸ்பத்திரி போனப்புறம் கேட்டுக்குங்க.”

முந்தாநாள் ஆபரேஷன் முடிந்தது. இன்றுதான் ஃபைல்களைத் திறந்தோம்.

வேறு பிளேயர் போட்டேன். சவுண்ட் டிரைவரை மாற்றினேன். ஒலியைக் கடைசிவரை ஏற்றினேன். ஹார்ன்தான் காதைக் கிழித்தது. ஹெட்செட்டோடு வந்த சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்தால், ‘இரைச்சலை நீக்கு’ என்ற பட்டன் தானாகவே ஆன் ஆகியிருந்தது. ஃபேன் மாதிரி விடாமல் வரும் காற்றுச் சத்தத்தைப் பதியும்போதே வெட்டி எறிவது அதன் வேலை. மாமாவின் குரலும் காற்றுதானே! பச்சைக் கோடு மைக்குக்கு வந்ததைக் காட்டியது, ஃபைலுக்குப் போனதை அல்ல.

“எங்கயாவது ஒளிஞ்சிருக்கும்டா. நீதான் கம்ப்யூட்டர் புலியாச்சே, தோண்டி எடு.”

“பதிஞ்சிருந்தாத்தானே அத்தை தோண்ட முடியும்? பதியவே இல்ல.”

அத்தை மானிட்டரில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஒன்றே ஒன்று தப்பியிருக்கிறது. தன் ஜோக்குக்குத் தானே சிரிக்கும்போது மட்டும் மாமாவுக்கு எப்படியோ சத்தம் வந்திருக்கிறது. அந்தச் சிரிப்புகளை வெட்டி ஒட்டிப் பாப்பாவுக்குப் போட்டேன்.

“அப்பா எதுக்குச் சிரிக்கிறாரு?”

எனக்கும் தெரியவில்லை. அவர் சொல்லும்போது என் கண் முழுக்கப் பச்சைக் கோட்டில்தான் இருந்தது. கதையை யார் கேட்டது?

இப்போது மாமாவிடமிருந்து மெசேஜ் வந்திருக்கிறது: ‘பாப்பா கேட்டாளா? எந்தக் கதை பிடிச்சிருக்காம்?’

“எல்லாமே பிடிச்சிருக்குன்னு போட்டுடு” என்கிறாள் அத்தை.

“வீட்டுக்கு வந்ததும் போடச் சொல்வாரே அத்தை?”

“முதல்ல அவர் தொண்டை ஆறட்டும்டா.”

போன் என் கையில் இருக்கிறது. மெசேஜைப் பார்த்துவிட்டேன் என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். நீங்களாக இருந்தால் என்ன பதில் போடுவீர்கள்? சீக்கிரம் சொல்லுங்களேன்!